ஒளிமானியும் அதன் துணைக்கருவிகளும்

காமிராவுக்குள்ளேயே ஒளியை அளக்கும் பொறியும் அமைந்துவிட்ட இக்காலத்தில், கையிற் பிடித்து அளக்கும் தனி ஒளிமானி எதற்கு என்று வினவுவார் பலர் உளர். அவ்வினாவுக்கு விடை இரண்டு. பெட்டியிற் பல்லாண்டு கிடந்த பழைய பிலிம் காமிராக்களை எடுத்துத் துடைத்து மீண்டும் வழங்கும் மாணவர் இன்று உளர். அக்கருவிகளுட் பலவற்றில் ஒளிமானி இல்லை. இருப்பவற்றிலும் பழுதுற்று நிற்பன பல. இது முதல் விடை. காமிராவுக்குள் இருக்கும் மானி எத்துணை நுட்பமுடையதாயினும், தனி மானி செய்யவல்ல ஒன்றினை அதனாற் செய்யவியலாது என்பது இரண்டாவது விடை. இரண்டினும் இதுவே சிறந்தது. அவ்வொன்று யாதென்பது கீழே விளங்கும்.

ஒளிமானியைப்பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மானியோடு நின்றுவிடுகின்றனர். அதனொடு வரும் வெண்குமிழ், தட்டு, சல்லடை, உலோகச் சீட்டு முதலியன உறையின் அடியிற் கிடந்து நாளடைவிற் காணாமற் போகின்றன. பழைய மானி ஒன்றை வாங்கப் புகுவோர் அதன் ஊசி அசைகின்றதா என்று மட்டும் பார்த்து விலை பேசுகின்றனர். உடன் வரவேண்டிய உறுப்புக்கள் உளவா என்று கேட்பதில்லை. ஆனால், அவ்வுறுப்புக்களே மானிக்குக் கண்ணும் திசையும் தருவன. அவற்றுள் எவை இன்றியமையாதன, எவை விட்டொழிக்கத்தக்கன என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் மானியின் இயல்பு ஒன்றை அறிதல் வேண்டும். மானி தன்மேல் விழும் ஒளியின் அளவை அறியுமேயன்றி, அவ்வொளி எப்பொருளினின்று வந்தது என்பதை அறியாது. காமிராவின் பக்கத்தில் நின்று பொருளை நோக்கி மானியை நீட்டுவோமாயின், அப்பொருள் நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று கொண்டே அது கணக்குக் கூறும். வெள்ளைச் சுவரைக் காட்டினும் சாம்பல் நிறமாக்கவே வழி சொல்லும். கரிய எருமையைக் காட்டினும் அவ்வாறே. இதனால் விளையும் கேட்டினை நம் கல்லூரிகளிற் பழைய குழுப்படங்கள் பலவற்றிற் காணலாம். வெள்ளையடித்த சுவரின் முன்னர் வெள்வேட்டியும் வெண்சட்டையும் அணிந்தவர் மூன்று வரிசையாய் நிற்கின்றனர். ஆடையின் மடிப்புக்களைக்கூட எண்ணிவிடலாம். முகங்களோ கண் எது, வாய் எது என்று தெரியாதபடி இருண்டு கிடக்கின்றன. அவ்விருளுக்குப் பலர் முகத்தின் நிறத்தையே காரணங் கூறுவர். அஃது அநியாயம். வெள்ளையின் மிகுதியைக் கண்டு, மானியாயினும் படமெடுப்பார் மதிப்பாயினும், ஒளியைக் குறைக்கச் சொன்னதே பெரும்பாலும் காரணம். நம்மனோர் முகம் நம்மனோர் முகமாகவே படத்தில் விழவேண்டுமாயின், பொருளினின்று திரும்பி வரும் ஒளியை விடுத்து, பொருளின்மேல் வந்து விழும் ஒளியை அளத்தல் வேண்டும். இதுவே காமிராவினுள் அடைபட்ட மானியாற் செய்யவியலாத செயல். தனி மானிக்கும் வெண்குமிழ் இருந்தாலன்றி இஃது இயலாது.

வெண்குமிழ் என்பது பாலன்ன பிளாஸ்டிக்கினால் இயன்ற ஓர் அரைக்கோளம். ஒளி மின்கலத்தின்மேல் இதனைக் கவிழ்த்து வைப்பர். இதன் வரலாறு சுவையானது. ஒளி பட்டவுடன் மின்னோட்டம் உண்டாக்கும் செலீனியக் கலத்தைக் கொண்டு கடைக்கு வந்த முதல் மானிகளுள் ஒன்று, அமெரிக்காவின் நியூவார்க் நகரத்து வெஸ்டன் கம்பெனியார் 1932-இல் வெளியிட்டது. அது பொருளினின்று திரும்பும் ஒளியையே அளந்தது. பின்னர் டான் நார்வுட் என்னும் அமெரிக்கர், முகம் தட்டையான பொருளன்று என்பதைச் சிந்தித்தார். மூக்கும் கன்னமும் நெற்றியும் பல திசை நோக்கியிருத்தலின், ஒரு பக்கத்து விளக்கொளி முகத்தின் ஒரு பாகத்தில் நேராகவும், ஒரு பாகத்திற் சாய்வாகவும், ஒரு பாகத்தில் விழாமலும் நிற்கின்றது. இவற்றையெல்லாம் தானும் முகம்போல் ஏற்றுக் கூட்டித் தருவதற்கு அரைக்கோளமே தக்கதென்று கண்டு, 1940-இல் உரிமைப் பத்திரம் பெற்றார். அவ்வமைப்புச் சினிமாக் கலைஞரிடையே பரவிப் பின்னர் ஜப்பானிய செக்கோனிக் கம்பெனியாரின் மானிகளாற் பலர் கைக்கும் வந்தது. இங்கிலாந்தில் என்பீல்டு என்னுமிடத்திருந்த சங்காமோ வெஸ்டன் கம்பெனியார், தம் 'மாஸ்டர்' மானிகளுக்கு 'இன்வர்கோன்' என்ற வேறோர் உறுப்பைச் செய்தனர். அதன் நடுப்பாகம் புனலைப்போல் உட்குழிந்திருக்கும். தோற்றம் வேறாயினும் தொழில் ஒன்றே. மாஸ்டர் மானி வாங்குவோர் இன்வர்கோன் உடன் உளதா என்று கேட்டல் நலம். ஒரு மாதிரிக்கு உரியது மற்றொன்றுக்குப் பொருந்துமென்று நம்பி வாங்குதலும் ஆகாது.

குமிழைக் கையாளும் முறையில் நாம் அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு. சூரியனை நோக்கிக் குமிழைத் திருப்பி அளப்பார் பலர். அவ்வாறன்று. படம் எடுக்கப்படுவார் முகத்தருகே மானியைக் கொண்டு சென்று, குமிழைக் காமிராவை நோக்கித் திருப்பி அளத்தல் வேண்டும். அளப்பவரது நிழலும் தொப்பியும் அதன்மேல் விழலாகாது. அணுக முடியாத பொருளாயின், அதன்மேல் விழும் ஒளியே நம்மேலும் விழுகின்றதா என்று பார்த்து, விழுமாயின் நின்ற இடத்திலேயே அதே திசை நோக்கி அளக்கலாம். பொருள் வெயிலில் நிற்க நாம் வேப்பமர நிழலில் நின்று அளந்தால் பயன் யாது? தானே ஒளிவிடும் பொருள்களுக்கும், ஒளியைத் தன்னூடே விடும் பொருள்களுக்கும் குமிழ் உதவாது. கல்லூரி ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை உள்ளிருந்து எடுக்கப் புகுவோன் குமிழைக் கழற்றிவிட்டே அளத்தல் வேண்டும்.

குமிழ் உடைந்தோ மஞ்சளித்தோ போனவிடத்து, மேசைப்பந்தாட்டப் பந்தை இரண்டாய் அறுத்து ஒரு பாதியைப் பொருத்துவாரும் உளர். சிக்கனத்தை நாம் பழிக்கவில்லை. ஆயினும் பந்தின் கனமும் வெண்மையும் வேறாதலின், உள்ளே புகும் ஒளியும் வேறுபடும். நல்ல மானி ஒன்றோடு ஒரே வெயிலில் ஒப்பிட்டு, வேறுபாடு எத்துணை என்று குறித்துக்கொண்ட பின்னரே அதனை நம்புதல் தகும்.

இனி, குமிழுக்கு அடுத்தபடி உதவுவது வெண்தட்டு. செக்கோனிக் கம்பெனியார் குமிழை 'லூமிஸ்பியர்' என்றும், தட்டை 'லூமிடிஸ்க்' என்றும் அழைப்பர். முகம் தட்டையன்று என்றோம். ஆனால் புத்தகத்தின் பக்கமும் ஓவியமும் ஓலைச்சுவடியும் தட்டையானவையே. இவற்றைப் படியெடுக்கும்போது பக்கவாட்டு ஒளியைக் குமிழ் தேவைக்கு மிஞ்சி ஏற்றுவிடும். தட்டோ, அப்பக்கம் ஏற்கும் அளவையே தானும் ஏற்கும். நூல்நிலையத்துப் பழைய மலர்களைப் படமெடுத்துப் பாதுகாக்கும் பணியில் ஈடுபடுவோர்க்கு இஃது இன்றியமையாத கருவியாகும். இருபுறமும் விளக்கு வைத்து, ஏட்டின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் தட்டினால் அளந்து, ஐந்திடத்தும் ஊசி ஏறக்குறைய ஓரிடத்தே நிற்கும்வரை விளக்குக்களை நகர்த்துதல் வேண்டும். இதனைச் செய்யாது எடுத்த படங்களில் ஒரு மூலை வெளிறியும் ஒரு மூலை கறுத்தும் இருக்கும். எழுத்து மங்கிய மூலையே இருண்ட மூலையாய் அமைந்துவிட்டால், பின்னர் வருவோர் அதனைப் படிக்கவும் இயலாது. அந்த ஏடு பூச்சிக்கு இரையானபின் மறுபடி எடுப்பதும் இயலாது.

தட்டினால் மற்றொரு பயனும் உண்டு. முகத்தின் இருபுறமும் விளக்கு வைத்துப் படமெடுக்குங்கால், ஒவ்வொரு விளக்கையும் நோக்கித் தட்டைத் திருப்பித் தனித்தனியே அளந்தால் அவற்றின் விகிதம் தெரியும். ஈண்டு ஒரு சொல்லை விளக்குதல் வேண்டும். ஒளியை இருமடங்காக்குவதையோ பாதியாக்குவதையோ படக்காரர் 'ஒரு ஸ்டாப்' என்பர்; நாம் 'ஒரு படி' எனலாம். ஒரு விளக்கு மற்றதனினும் இரண்டு படி மிகுந்திருப்பின், அது நான்கு மடங்கு ஒளி தருகின்றது என்க.

செக்கோனிக் எல்-398 என்னும் மானியோடு உலோகச் சீட்டு ஒன்று வரும். சிறு துளைகள் இட்ட இதனைக் குமிழுக்கும் கலத்துக்கும் இடையே செருகுவர். அது வரும் ஒளியில் 32-இல் ஒரு பங்கையே உட்செல்ல விடும். அஃதாவது ஐந்து படி குறைக்கும். வெயிலில் ஊசி எல்லை மீறிப் போகாதிருத்தற்கே இவ்வேற்பாடு. இம்மானியின் சுழல்வட்டத்தில் சீட்டு உள்ளபோது கொள்ளும் குறி ஒன்றும், இல்லாதபோது கொள்ளும் குறி ஒன்றும் உள. வெயிலிற் சீட்டோடு அளந்தவன் அறைக்குள் நுழைந்து சீட்டை எடுத்துவிட்டுக் குறியை மாற்ற மறப்பானாயின், ஐந்து படி பிழைபடும்; பிலிமில் ஒன்றும் தேறாது. ஆதலின் சீட்டைச் செருகும் கையே சுழல்வட்டத்தையும் திருப்பும் பழக்கம் வேண்டும். சீட்டு மிகச் சிறிதாகலின், உறையினுள் அதற்கென ஒரு காகிதப் பை ஒட்டி வைத்தல் நலம்.

இதற்கு உறவான மற்றொரு சீட்டு வகையும் உண்டு. சினிமாவில் நொடிக்கு 24 படம் ஓடும். ஷட்டர் வட்டத்திற் பாதி திறந்திருப்பதாற் படம் ஒன்றுக்கு 48-இல் ஒரு நொடி கிடைக்கும். இவ்வளவு மாறுவதில்லை, எடுக்கும் பிலிமும் அன்று முழுவதும் ஒன்றே. எனவே அந்தப் பிலிமுக்கும் நேரத்துக்கும் ஏற்பத் துளையிட்ட சீட்டைச் செருகிவிட்டால், ஊசியே லென்ஸின் துவார எண்ணை நேரே காட்டும். வட்டத்தைத் திருப்பிக் கணக்கிடும் வேலை இல்லை. நடிகரும் விளக்குகளும் காத்துநிற்கும் கூடத்தில் இவ்வரை நிமிடமும் பெரிதன்றோ? நிலைப்படம் எடுப்பார்க்கு இச்சீட்டுத் தொகுதி வேண்டுவதில்லை. பழம்பொருள் விற்போர் முழுத் தொகுதி என்று சொல்லி விலை ஏற்றுவராயின் அதற்கு இணங்கவும் வேண்டா.

குமிழில்லாத மானி வைத்திருப்போர் மனந்தளர வேண்டுவதின்று. சாம்பல் அட்டை ஒன்று அவர்க்குக் கைகொடுக்கும். கோடாக் கம்பெனியார் வெளியிட்ட அட்டையின் ஒருபுறம் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 18 பங்கும், மறுபுறத்து வெண்மை 90 பங்கும் திருப்பி அனுப்பும். பொருளிருக்கும் இடத்தில் அட்டையைப் பிடித்து, அது பளபளக்காதவாறு சிறிது சாய்த்து, ஒரு சாண் அளவுக்குள் மானியைக் கொண்டுசென்று அளந்தால், குமிழால் அளந்ததற்கு நெருங்கிய விடை கிடைக்கும். மங்கிய ஒளியில் ஊசி அசையாதபோது வெண்புறத்தைத் திருப்புக. 90 என்பது 18-இன் ஐந்து மடங்காதலின், பிலிமின் வேக எண்ணை ஐந்தால் வகுத்து மானியில் வைத்துக்கொண்டால் கணக்கு நேராகும். 400 வேகமுள்ள பிலிமுக்கு 80 என வைக்க வேண்டும். அட்டை இல்லாதவிடத்து நல்ல வெள்ளைக் காகிதமும் ஒருவாறு உதவும்.

அட்டைக்கு ஈடாக உள்ளங்கையைப் பயன்கொள்ளச் சொல்லும் நூல்கள் பல. உள்ளங்கை சாம்பல் அட்டையினும் ஒரு படி வெளிச்சமானது, ஆதலின் ஒரு படி மிகுத்துக் கொடுக்க என்பது அவற்றின் விதி. இவ்விதி வெள்ளையர் கையைக் கண்டு எழுதப்பட்டது. உள்ளங்கையின் நிறம் முகத்தின் நிறம்போல் ஆளுக்காள் பெரிதும் வேறுபடாது என்பது உண்மையே. எனினும் நம் கை எவ்வளவு என்று நாமே அறிதல் நன்று. அட்டை ஒருநாள் கடனாகக் கிடைப்பினும் போதும். வெயிலில் அட்டையையும் உள்ளங்கையையும் அடுத்தடுத்து அளந்து, வேறுபாட்டை மானியின் பின்புறத்திற் சிறு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுக. அதன்பின் அந்தக் கை, மானியோடு என்றும் பிரியாத துணைக்கருவியாகிவிடும். அதற்கு விலையும் இல்லை.

ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்துக் கோசன் கம்பெனியார் தம் லூனாசிக்ஸ் மானிகளுக்குச் செய்த இணைப்புக்கள் ஒரு தனி அலமாரியை நிரப்பத்தக்கன. தொலைப்பொருளுக்கு ஒன்று, இருட்டறைக்கு ஒன்று, நுண்ணோக்கிக்கு ஒன்று, படியெடுப்புக்கு ஒன்று, வளையும் கண்ணாடி நார்க்கற்றையால் இடுக்குக்களை அளக்க ஒன்று எனப் பல. இவற்றுட் பெரும்பாலன ஆய்வுக்கூடங்களுக்கு உரியன. இன்று எண்முறைக் காமிராவை நுண்ணோக்கியிற் பொருத்தியவுடனே படம் திரையில் தெரிதலின், அவற்றை நாடுவார் அரியர். தொலைப்பொருள் இணைப்பு மட்டும் இன்னும் எண்ணத்தக்கது. அம்மானி இயல்பாக 30 பாகை அகலத்தைப் பார்க்கும். பத்து மீட்டர் தொலைவில் அஃது ஐந்தே கால் மீட்டருக்குச் சற்று மிகுந்த வட்டம். மேடையும் திரையும் விளக்கும் எல்லாம் அதனுள் அடங்கிவிடும். இணைப்பைப் பொருத்தி 7.5 பாகையாக்கினால் வட்டம் 1.3 மீட்டராய்ச் சுருங்கும். பேசுவார் ஒருவரின் மேற்பாதி மட்டும் தெரியும். ஒரு பாகை மட்டும் பார்க்கும் புள்ளிமானிக்கோ அதே தொலைவில் வட்டம் பதினேழரைச் சென்டிமீட்டர்தான். ஏறக்குறைய ஒரு முகத்தின் அளவு. கல்லூரி நாடகத்தை மண்டபத்தின் இடைவரிசையிலிருந்து எடுப்பவர்க்கு எது வேண்டுமென்பதை இக்கணக்கே சொல்லும். ஆனால் எதனால் அளந்தாலும் அது முன் கூறிய சாம்பல் நிறக் கணக்கே என்பதை மறவற்க.

பழைய லூனாசிக்ஸ் வாங்குவோர் முதலில் தேடவேண்டிய துணைக்கருவி மின்கலத்துக்குரிய இடைப்பெட்டியாகும். அம்மானி 1.35 வோல்ட்டுப் பாதரசக் கலம் இரண்டினால் இயங்குமாறு செய்யப்பட்டது. பாதரசம் நிலத்தையும் நீரையும் கெடுக்குமென்பது பற்றி அக்கலங்கள் நிறுத்தப்பட்டன; அமெரிக்காவில் 1996-இல் இதற்கெனச் சட்டமும் பிறந்தது. வெள்ளிக்கலம் 1.55 வோல்ட்டுத் தருவதால், அப்படியே இட்டால் ஊசி பொய் கூறும். வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் இடைப்பெட்டியில் இட்டு வழங்கினால் பிழை நீங்கும். செலீனிய மானிக்கு இத்தொல்லை இல்லை, மின்கலமே வேண்டா. அதன் குறை வேறு. மங்கிய ஒளியில் அதற்கு வலிமை போதாது. ஆதலாற்றான் லைக்கா காமிராவின் மேலே பொருத்தும் மானிக்கு வலிமை கூட்டும் துணைக்கலம் ஒன்றைத் தனியே விற்றனர். மேலும் செலீனியம் முதுமையில் தளரும். தளர்ந்ததா என்றறியச் சூரியனே அளவுகோல். மேகமற்ற நடுப்பகலில், 100 வேகப் பிலிமுக்கு நூறில் ஒரு நொடியும் எப் 16 துவாரமும் பொருந்தும் என்பது பழைய விதி. வெயிலிற் சாம்பல் அட்டையை அளந்து மானி இதற்கு ஒரு படிக்குமேல் விலகிக் கூறினால், அதனை ஐயுறுக. 2007-இல் வந்த எல்-398ஏ என்னும் மாதிரியிற் செலீனியத்தை விடுத்து, படிக வடிவமில்லாச் சிலிக்கனைக் கொண்டனர்.

வடகண்ணாடி எனப்படும் நிறக்கண்ணாடிகளைப்பற்றியும் ஒரு வார்த்தை. லென்ஸுக்கு முன் செந்நிறக் கண்ணாடி இடுவோர், அதனையே மானிக்கு முன்னும் பிடித்து அளந்தால் கணக்குத் தானே சரியாகுமென்று எண்ணுகின்றனர். மானியின் கண்ணும் பிலிமின் கண்ணும் நிறங்களை ஒன்றுபோற் காண்பதில்லை. காட்மியம் சல்பைடுக் கலம் செந்நிறத்தை மிகுத்துக் காணும் இயல்புடையது. கண்ணாடியின்றி அளந்து, அதற்குக் குறித்த மடங்கை மிகுத்துக் கொடுப்பதே முறை: நடுத்தர மஞ்சளுக்கு இரண்டு மடங்கு, அடர்செம்மைக்கு எட்டு மடங்கு. அண்மையிற் பூவையோ பூச்சியையோ எடுக்கும்போதும் இத்தகைய மிகை வேண்டும். லென்ஸுக்கும் பிலிமுக்கும் உள்ள தொலைவை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, வந்த எண்ணை அவ்வெண்ணாலேயே பெருக்கினால் மடங்கு கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸை 75-க்கு நீட்டினால் இரண்டே கால் மடங்கு. 100-க்கு நீட்டினால் நான்கு மடங்கு. இவ்வெண்களை எழுதிய ஒரு சிறு அட்டையும், ஒரு முழ அளவுநாடாவும் உறையில் இருத்தல் நலம்.

மானியைக் கழுத்தில் தொங்கவிடும் கயிற்றை எவரும் துணைக்கருவியாக எண்ணார். அதில் மானியிலிருந்து பதினைந்து சென்டிமீட்டரில் ஒரு முடிச்சிட்டால், அட்டையை அளக்கவேண்டிய தூரம் இருட்டிலும் கைக்குத் தெரியும். இவ்வகையில் நம்மினும் முன்னோர் கூரியர். இங்கிலாந்தில் ஹெரிபோர்டு நகரத்து ஆல்பிரட் வாட்கின்ஸ் 1890-இல் வெளியிட்ட மானியில் மின்கலமும் இல்லை, ஊசியும் இல்லை. ஒளிபட்டுக் கறுக்கும் காகிதத் துண்டு ஒன்று, குறித்த நிறத்துக்கு ஒப்பாக எத்தனை நொடி ஆகின்றது என்று எண்ணுவதே அளவு. அந்நொடிகளை எண்ணுவதற்குக் கடிகாரம் தேடவேண்டாதபடி, மானியைத் தாங்கும் சங்கிலியே ஊசலாகவும் அமைக்கப்பட்டிருந்தது. அதனை ஆட்டிவிட்டு எண்ணிக்கொண்டே நின்றால் போதும்.